விதி என்று சொல்வதற்கு முன்

பேட்டரி இறங்கிப்போன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "நேரம் சரியில்லண்ணா." "இந்த வண்டி எங்களுக்கு ராசியில்ல." "மச்சான் வாங்கிட்டுப் போனான், அன்னையோட சரி." பண்ருட்டியில் இருசக்கர வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற எனக்கு இவை தினமும் காதில் விழும் சொற்கள்தான். ஆனாலும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வருவதில்லை. ஒருவருடைய துன்பத்துக்கு விதியைக் காரணமாகச் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எப்போது, யார்? கடையில் எழும் இந்தக் கேள்வி, நான் போகும் சித்தாந்த வகுப்பிலும் என்னோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு இடத்திலும் எனக்குக் கிடைத்த விடை ஒன்றாகவே இருப்பதால் எழுதத் துணிகிறேன்.

நான் வினையை நம்புகிறவன். எங்கள் மண் அப்படி. திருவதிகை வீரட்டானம் என்ற சிவன் கோயில் ஊரை ஒட்டியே இருக்கிறது. சிவஞான சித்தியார் என்ற நூலை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியாரின் திருத்துறையூர் பக்கத்தில். அவருக்கு ஞானம் தந்த மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூரும் அதிக தூரமில்லை. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தம் தமிழில் முறையான நூல் வடிவம் பெற்றது இந்தப் பக்கத்து வயல்வெளிகளுக்கு நடுவில்தான்.

சித்தியாரைப் பாடமாகக் கேட்கத் தொடங்கியபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் தொடக்கம். பதி, பசு, பாசம் என்று இறைவனையும் உயிரையும் தளையையும் விரிக்கும் முன்பாக அந்த நூல் அறியும் வழியாகிய அளவையைப் பேசுகிறது. ஒன்றை எந்த வழியில் அறிந்தாய் என்பதை முதலில் சொல், பிறகு கடவுளைப் பற்றிப் பேசலாம் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. பிறர் சொல்லும் அளவைகள் பத்தையும் வரிசைப்படுத்திவிட்டு, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. கண்ணால் காண்பது, கண்டதைக்கொண்டு காணாததை உணர்வது, நம்பத்தக்கவர் வாக்கால் அறிவது. உரை என்று அந்நூல் முதன்மையாகக் கொள்வது இறைவன் அருளிய ஆகமத்தை. நான் அதைச் சிறிய அளவில் என் தொழிலுக்கும் எடுத்துக்கொண்டேன்.

என் தொழிலில் கருதல் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. மின்சாரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. விளக்கு எரிவதையும் ஹாரன் அடிப்பதையும் மீட்டரில் எண் மாறுவதையும்தான் பார்க்கிறோம். கண்டது மட்டுமே உண்மை என்று சொல்லும் உலகாயதரைச் சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் முதல் ஆளாக நிறுத்தி மறுக்கிறது. அவர் என் கடைக்கு வேலைக்கு வந்தால் எரிந்துபோன ஃபியூஸை மாற்றுவதோடு நின்றுவிடுவார். அது ஏன் எரிந்தது என்பதற்குக் கருதல் வேண்டும்.

காண்டலே சில சமயம் ஏமாற்றும் என்பதையும் நூல் சொல்கிறது. ஐயமும் திரிவும் கலந்த காட்சி அளவையாகாது. ஸ்கூட்டர் பேட்டரியில் ஆறு செல்கள். நன்றாக ஏறிய செல் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், மொத்தம் 12.6 அல்லது அதற்குச் சற்று மேல். சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்தால் 12.6 காட்டும் பேட்டரி, செல்ஃபை அழுத்திய நொடியில் 8 வோல்ட்டுக்குச் சரிவதை வாரத்துக்குச் சிலமுறை பார்க்கிறேன். முதல் எண்ணை நம்பி 'பேட்டரி நல்லாருக்கு' என்று சொன்னால் அது திரிவு. இண்டிகேட்டர் ஒரு சமயம் எரிந்து ஒரு சமயம் அணைந்தால், பல்பா, ஸ்விட்சா, தளர்ந்த கப்ளரா என்று மனம் ஊசலாடுவது ஐயம். இந்த இரண்டும் நீங்கிய பிறகு கிடைப்பதுதான் காட்சி. சுமை கொடுத்துப் பார்க்காமல் எந்த பேட்டரியைப் பற்றியும் நான் தீர்ப்பு சொல்வதில்லை.

என் கேள்வியைக் கூர்மையாக்கியது ஒரு வண்டி. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். வண்டி அவருடைய கணவருடையது. அவர் காலமாகி ஓர் ஆண்டு நிறையவில்லை. வேறொரு கடையில் புது பேட்டரி போட்டிருக்கிறார்கள். சில வாரத்தில் அது இறங்கிவிட, இன்னொன்று மாற்றியிருக்கிறார்கள். அதுவும் இறங்கிவிட்டது.

"அவரு இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட நின்னதில்லண்ணா. என் கை பட்டதுலருந்து இப்படி. வீட்ல வித்துடுன்றாங்க" என்றார்.

யார் அப்படிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கணவனை இழந்த பெண்ணின் கையைப் பற்றி நம் ஊர்களில் என்ன பேசுவார்கள் என்பது தெரிந்ததுதான். நான் கேட்டது வேறு. "எப்பம்மா எடுக்கமாட்டேங்குது?"

"வேலை நாள்ல மெதுவா சுத்தி எடுத்துடும். ஞாயித்துக்கிழமை நின்னுச்சுன்னா திங்கக்கிழமை காலையில சுத்தமா இல்லண்ணா. கிக்கர்தான்."

வண்டி பேசாது. அதற்காக அவர் பேசினார். நோய்க்குறி முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. சார்ஜ் ஏறாத வண்டி ஓட ஓட மோசமாகும். இது நிற்க நிற்க மோசமாகிறது. ஆகவே உள்ளே வருவதில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. சாவி அணைந்திருக்கும்போது எங்கோ வெளியே போகிறது.

கருதியதைச் சோதிக்காமல் விடக் கூடாது. என்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி பேட்டரி முனைகளில் பார்த்தேன். 13.9 வோல்ட். பொதுவாக 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் காயில் கொடுக்கிறது, ரெகுலேட்டர் மாற்றித் தருகிறது என்று பொருள். 13ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அடக்கவில்லை, பேட்டரி உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. இந்த வண்டியில் ஏற்றம் சரி. பிறகு பேட்டரியை முழுக்க ஏற்றி, ஒயர்களைக் கழற்றிவிட்டு, சனி மாலையிலிருந்து திங்கள் காலைவரை தனியே வைத்தேன். அப்படியே நின்றது, 12.6. செல்ஃபின் சுமையையும் தாங்கியது. பேட்டரி மீது குற்றமில்லை.

அடுத்து, நெகட்டிவ் முனையைக் கழற்றி அதற்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக இணைத்தேன். முதலில் பெரிய அளவான 10 ஆம்பியரில் வைத்துவிட்டுப் பிறகுதான் மில்லி ஆம்பியருக்கு இறங்க வேண்டும். இணைப்பு அப்படி இருக்கும்போது செல்ஃபைத் தொடக் கூடாது. தொட்டால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். சாவி அணைந்த ஸ்கூட்டரில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. இதில் 120 ஓடியது. பார்க்கச் சின்ன எண். ஆனால் 5 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியை இரண்டு நாளுக்குள் உறிஞ்சித் தீர்த்துவிடும்.

இங்கேதான் சித்தியார் சொல்லும் பத்து அளவைகளில் இரண்டு எனக்கு நினைவுக்கு வந்தன. ஒன்று ஒழிபு. இருவர் போரில் ஒருவன் வென்றான் என்றால் மற்றவன் தோற்றான் என்று அறிவது. ஆகாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதை அறிவது அதன் வழி. இன்னொன்று அபாவம். ஒன்று இல்லாமையை அறிவது. ஃபியூஸைப் பிடுங்கினேன், மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. கசிவு ஃபியூஸுக்கு அப்பால் இருக்கிறது, செல்ஃப் ரிலேவுக்குப் போகும் தடித்த ஒயரில் இல்லை. ஃபியூஸைத் திரும்பப் போட்டு, கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஹாரன் கழன்றது, 120 அப்படியே. மீட்டர் போர்டு, அப்படியே. ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றியதும் 1 மில்லி ஆம்பியர்.

அத்தோடு நிறுத்தவில்லை. மாட்டினேன், 120. கழற்றினேன், 1. மறுபடியும் மாட்டினேன், மறுபடியும் 120. அது இருந்தால் இது இருக்கிறது, அது இல்லாவிட்டால் இது இல்லை. உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் ஒருசேர நிறுவப்பட்டால்தான் தொடர்பு உறுதி என்று தருக்க நூல்கள் வற்புறுத்துவது இதைத்தான். ரெகுலேட்டருக்குள் இருக்கும் டையோடு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விட வேண்டிய பொருள். அது தளர்ந்து பின்பக்கமாகவும் கசியவிட்டது. ஓடும்போது நிரப்பிய அதே உறுப்பு, நிற்கும்போது வடித்துக்கொண்டிருந்தது.

பேட்டரி இறந்தது. ஆனால் கொன்றது பேட்டரி இல்லை. கேடு எங்கே தெரிகிறதோ அங்கேயே குற்றத்தையும் சுமத்திவிடும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை, மாற்றிப்போட்ட அந்த இரண்டு பேட்டரிகளும் காட்டின. மனிதர்களிடமும் இதைச் செய்கிறோம். வீட்டில் யார் அழுகிறார்களோ அவர்களால்தான் வீட்டுக்குக் கஷ்டம் என்கிறோம்.

அப்படியானால் கணவர் இருந்தவரை வண்டி நின்றதே இல்லை என்பது? அதற்கும் காரணம் இருந்தது. அவர் வேலைக்காகத் தினமும் கடலூர் போய்வந்தவர். ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓடியது. கசிவு அப்போதே தொடங்கியிருக்கலாம். வடிந்ததைவிட அதிகமாக ஏறிக்கொண்டிருந்ததால் அது வெளியே தெரிந்திருக்காது. இது என் கருதல். கண்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் மாறியது ஓட்டிய கை அல்ல, வண்டி நின்ற நேரம் என்பதைக் கணக்கே சொல்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில், காக்கையின் மேல் பழியைப் போடுவது சுலபம். பழத்தின் காம்பைப் பார்க்க மரமேற வேண்டும்.

பேட்டரிக்குப் பின்னால் ரெகுலேட்டர். ரெகுலேட்டருக்குப் பின்னால்? அதன் கப்ளரைத் திறந்தால் ஒரு பின் பச்சை பூத்து, ஓரம் கருகி இருந்தது. பிடிப்பு தளர்ந்த இடத்தில் தடை ஏறும், தடை ஏறிய இடம் சூடாகும். அந்தச் சூடு உள்ளே போயிருக்கலாம். பின் ஏன் தளர்ந்தது? மழைத் தண்ணீரா, முன்பு யாரோ இழுத்துக் கழற்றியதா? இப்படிக் காரணத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டே போனால் முடிவே இராது. தருக்கத்தில் அதை அநவத்தை என்று குற்றமாகச் சொல்வார்கள். எங்கே நிற்பது என்பதற்கு என் தொழில் ஒரு நெறி தந்திருக்கிறது: எந்த இடத்தில் கை வைத்தால் இதே கேடு திரும்ப வராதோ, அந்த இடம்வரை போக வேண்டும். அதற்கு முன்னால் நிற்பது சோம்பல். அதனால் கப்ளரையும் மாற்றி, எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கி, புது ரெகுலேட்டர் போட்டேன். பழைய கப்ளரிலேயே புது ரெகுலேட்டரை மாட்டியிருந்தால் அதுவும் ஒரு நாள் வெந்திருக்கும்.

போலிக் காரணங்களை இனம்காண எனக்குக் கைகொடுத்தது மணிமேகலை. அதில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் பகுதி இருக்கிறது. பௌத்தக் காப்பியம்தான். ஆனாலும் சைவனான எனக்கு அது பெரிய உதவி. அங்கே ஏதுப்போலிகள் மூன்று வகையாகச் சொல்லப்படுகின்றன: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். காரணம்போல் தோன்றி, காரணமாகாத சொற்கள்.

"கை ராசியில்லை" என்பது அசித்தம். ராசி என்ற ஒன்று அந்தக் கையில் இருக்கிறது, அல்லது இல்லை என்பதே முதலில் நிறுவப்படவில்லை. நிறுவப்படாத ஒன்றால் வேறொன்றை நிறுவ முடியாது. "புது பேட்டரி போட்டாச்சு, இனி பிரச்சினையில்லை" என்பது விருத்தம். புதிதாகப் போட்டதும் இறங்குகிறது என்றால் அது பேட்டரி காரணம் இல்லை என்பதற்கே சான்று. சொன்னவருடைய ஏது அவருக்கு எதிராகவே நிற்கிறது.

"எல்லாம் விதி" என்பதுதான் அநைகாந்திகம். எது இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒன்றுபோலக் காணப்படுமோ, அது எதையும் நிறுவாது. இந்த வண்டி நின்றது விதி என்றால், பக்கத்து வீட்டு வண்டி ஒரே அழுத்தலில் கிளம்பியதும் விதி. நேற்று ஓடியது விதி, இன்று நின்றதும் விதி. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் உண்மை என்பதாலேயே, இந்த இடத்தின் வேறுபாட்டை அதனால் காட்ட முடியாது. நமக்கு வேண்டியது இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் உள்ள வேறுபாடு. அது 120 மில்லி ஆம்பியர்.

வினையை நம்புகிறவன் இப்படிப் பேசலாமா என்று வகுப்பில் கேட்டார்கள். சித்தாந்தமே இப்படிப் பேசச் சொல்கிறது என்பதுதான் என் பதில். அதன்படி கன்மம், அதாவது வினை, சடம். தானாக எழுந்து யாரையும் சென்று சேரும் அறிவு அதற்கில்லை. செய்தவனுக்கே அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். கூட்டுவிப்பதும் உடம்பு, கருவி, உலகம், பிற உயிர்கள் என்ற வழிகளால்தான். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றையும் பிரித்துக் காட்டும் மரபு அது. குயவன் இருக்கிறான் என்பதற்காக, விரிசல் விட்ட சக்கரத்தை யாரும் பார்க்காமல் விடுவதில்லை. ரெகுலேட்டரைக் கண்டுபிடிப்பது வினையை மறுப்பதாகாது. வினையைச் சொல்லிவிட்டதால் ரெகுலேட்டரைத் தேட வேண்டிய கடமையும் தீராது.

காரணம் தேடும் ஆர்வத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அது குற்றவாளியைத் தேடும் ஆர்வமாகிவிடும். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடைய வண்டியில் நான் எதைச் சோதித்தாலும் சரியாகவே இருந்தது. காயில் சரி, ரெகுலேட்டர் சரி, கசிவு இல்லை. ஆனாலும் பேட்டரி ஆண்டுக்கொன்று போனது. அவர் காலையில் பால் வாங்கத் தெருமுனைவரை போவார், கோயிலுக்குப் போவார். ஒவ்வொரு முறையும் செல்ஃப். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். அதைத் திருப்பி நிரப்ப வண்டி சில கிலோமீட்டராவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கும் எரிந்துகொண்டேயிருக்கும், அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பாதி ஏறிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியில், தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே செய்த முதல் ஈய-அமில பேட்டரியிலிருந்து இன்றுவரை இந்த இயல்பு மாறவில்லை.

அங்கே யாரும் தவறு செய்யவில்லை. எந்த உறுப்பும் கெடவில்லை. அவர் வாழும் வாழ்க்கைக்கும் பேட்டரியின் இயல்புக்கும் பொருத்தமில்லை, அவ்வளவுதான். "ஐயா, காலையில கிக்கர்ல எடுங்க, வாரத்துக்கு ஒருநாள் திருவாமூர் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றேன். அப்பர் பிறந்த ஊர் அது. பெரியவருக்கும் போக ஆசைதான். எல்லாத் துன்பத்துக்கும் பின்னால் குற்றவாளி இருக்க வேண்டும் என்று நினைப்பது, எல்லாத் துன்பத்துக்கும் பின்னால் பழைய பாவம் இருக்க வேண்டும் என்று நினைப்பதன் மறுபக்கம். இரண்டும் ஆளைத் தேடுகின்றன. தேட வேண்டியது வழியை.

அப்பரைச் சொன்னதால் என் விடைக்கு வந்துவிடுகிறேன். அப்பர் என்கிற திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்தது, அவர் இருந்த இடத்தில் செய்த மருத்துவங்கள் பலிக்கவில்லை, தமக்கை திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. வீரட்டானத்தில் அவர் பாடிய முதல் பதிகத்தில், தான் செய்த கொடுமைகளைத் தான் அறியவில்லை என்ற உணர்வு வருகிறது. வினையைப் பற்றிய பேச்சு அங்கே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும். வலியில் துடித்தவரே, தன்னைப் பற்றி, தன் இறைவனிடம் சொன்னது அது. திலகவதியார் தம்பியிடம் உன் வினை இது என்று வாதிடவில்லை. திருநீறு கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துப் போனார்.

அந்தத் திலகவதியார் யார்? தாயையும் தந்தையையும் இழந்தவர். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்துவிட, தானும் உயிர்விடத் துணிந்து, தம்பிக்காக உயிரோடு இருந்தவர். இன்றைய நம் வீடுகளில் அவர் இருந்திருந்தால் ராசியில்லாத கை என்று எந்தக் கையைச் சொல்லியிருப்பார்களோ, அந்தக் கையிலிருந்துதான் தமிழ்ச் சைவத்துக்கே மருந்து கிடைத்தது. இதைத் தினமும் சொல்லிக் கும்பிடுகிற ஊரில், கணவனை இழந்த பெண் ஒருவர் தன் கை பட்டு பேட்டரி இறங்கியது என்று நம்பும்படி நாம் விட்டிருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பில்லில் தொகையோடு காரணத்தையும் எழுதினேன்: ரெகுலேட்டரில் பின்னோட்டக் கசிவு, கப்ளர் பின் கருகல். "இத வீட்ல காட்டும்மா" என்றேன். அதிலிருந்து எல்லா பில்லிலும் காரணத்தை எழுதுகிறேன். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுகிறேன். வெற்றிடமாக விட்டால் அதில் யாருடைய பெயராவது வந்து உட்கார்ந்துவிடும்.

விதியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது என் சொந்தத் துன்பம். அங்கேயும் என் கையால் திருத்தக்கூடியதைத் திருத்திய பிறகு, எஞ்சியதை இறைவன் முன் வைக்கும்போது, அந்தப் பேச்சு என்னைப் பணிவுள்ளவனாக்கும். அதே பேச்சை இன்னொருவர் துன்பத்தின் மேல் வைத்தால், அது தேடலை நிறுத்திவிடும், துன்பப்படுகிறவரையே குற்றவாளியாக்கிவிடும். தன் வலிக்கு வினையைச் சொல்லலாம். பிறர் வலிக்குக் காரணத்தைத் தேட வேண்டும், கிடைக்கும்வரை கூட நிற்க வேண்டும். சித்தாந்தம் எனக்குக் கற்றுத்தந்த பக்தி இதுதான் என்று நம்புகிறேன்.